எஞ்சினின் முதல் வண்ணம்

கோட்டயம்–குமுளி மலைச்சாலையில் வண்டிப்பெரியாரைக் கடந்து செல்வோர் இன்றும் ஜீப்புகளின் நடுவேதான் வழி தேட வேண்டியிருக்கிறது. தேயிலைத் தோட்டத்து லயங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்வதும், ஏலக்காய் மூட்டைகளை இறக்கி வருவதும், சத்திரம் போன்ற உயரங்களுக்குச் சுற்றுலாப் பயணிகளை அழைத்துச் செல்வதும் என்று பீருமேடு வட்டாரத்தின் அன்றாட வாழ்வில் பெரும்பகுதி அந்தச் சக்கரங்களின் மேல்தான் ஓடுகிறது. அவற்றுள் சில, உழைத்து ஓய்ந்த முதிய வண்டிகள். தோட்ட மேலாளர்களிடமிருந்து கைமாறியவை, அரசுத் துறை ஏலத்தில் எடுக்கப்பட்டவை, தந்தையார் ஓட்டியது என்ற ஒரே காரணத்துக்காகக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திக் காக்கப்படுபவை.

இத்தகைய வண்டியை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற ஆர்வத்துடன் வாடிக்கையாளர்கள் சிலர் நம்மிடம் ஆலோசனை கேட்பதுண்டு. பாடியின் நிறம் பற்றி அவர்கள் மிகுந்த அக்கறையுடன் பேசுகிறார்கள். பழைய குடும்பப் புகைப்படங்களைத் தேடி எடுத்து வருகிறார்கள். எஞ்சின் என்று வரும்போது மட்டும், "நன்றாகக் கழுவி ஒரு கோட் சில்வர் அடித்துவிடலாம்" என்று பட்டறையில் சொல்லப்படும் ஒரே வாக்கியத்துடன் பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த ஒரு கோட், வண்டியின் வயதையும் பிறப்பையும் சொல்லக்கூடிய சான்றினை ஒரு பிற்பகலில் மூடிவிடும் என்பதே நாம் இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புவது.

எஞ்சினுக்குத் தொழிற்சாலை வண்ணம் பூசியது அழகுக்காக அன்று. வார்ப்பிரும்பு ஈரக் காற்றில் சில மணி நேரத்திலேயே துருப்பிடித்துவிடும். சிலிண்டர் பிளாக்கை அதிலிருந்து காப்பதே முதல் நோக்கம். எந்தத் தொழிற்சாலையில், எந்த மாடலுக்காக உருவான எஞ்சின் என்பதைப் பார்த்தவுடன் அறிந்துகொள்ளவும் நிறம் நாளடைவில் உதவியது. அமெரிக்காவின் செவர்லே நிறுவனம் 1955-இல் வெளியிட்ட தனது வி-8 எஞ்சினுக்கு ஆரஞ்சு நிறம் பூசியது. 1977 வாக்கில் அது நீலத்துக்கு மாறியது. ஃபோர்டு 1966 முதல் தன் பெரும்பாலான எஞ்சின்களை நீலத்தில் அனுப்பியது. பிரிட்டனின் எம்.ஜி. கார்களில் ஒரு காலத்தில் அரக்குச் சிவப்பும், ஆஸ்டின், மோரிஸ் குடும்பத்தில் பச்சையும் வழக்கமாக இருந்தன. ஜாகுவாரின் சில எஞ்சின்களில் சிலிண்டர் ஹெட்டின் நிறமே அது எந்த வகை ஹெட் என்பதைச் சொல்லிவிடும்.

நமது மலைப்பகுதிக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஜீப்தான். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவத்துக்காக ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் உருவாக்கப்பட்டன. வடிவமைப்பு ஒன்றே, தயாரித்த நிறுவனங்கள் இரண்டு. வில்லிஸ் உருவாக்கியது எம்.பி. மாடல், ஃபோர்டு உருவாக்கியது ஜி.பி.டபிள்யூ. மாடல். இரண்டிலும் 'கோ-டெவில்' எனப்படும் 60 குதிரைத்திறன் கொண்ட அதே நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின்தான். உதிரிபாகங்கள் ஒன்றுக்கொன்று அப்படியே பொருந்தும். ஆயினும், வில்லிஸ் எஞ்சின் இராணுவ ஆலிவ் பச்சையிலும் ஃபோர்டு எஞ்சின் சாம்பல் நிறத்திலும் இருக்க வேண்டும் என்பதே மீட்டெடுப்பாளர்களிடையே நிலைபெற்ற வழக்கு. ஃபோர்டு தன் போல்ட்டுகளின் தலையில்கூட 'எஃப்' என்ற எழுத்தைப் பதித்து அனுப்பியது. ஆக, கிரீஸுக்கு அடியில் தெரியும் சிறு சாம்பல் நிறத் திட்டு, அந்த எஞ்சின் எங்கே பிறந்தது என்பதற்கான சாட்சியம். அதன்மீது சில்வர் அடிப்பது, பழைய பத்திரத்தின் மீது புதுக் காகிதத்தை ஒட்டிவிடுவதற்கு ஒப்பாகும்.

போர் முடிந்தபின் இராணுவக் கழிவு விற்பனையில் பல ஜீப்புகள் நம் நாட்டில் தனியார் கைகளுக்கு வந்தன. 1940-களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் மும்பையில் வில்லிஸ் ஜீப்புகளைப் பொருத்தத் தொடங்கியது. பின்னர் சி.ஜே.-3பி என்னும் மாடல் இங்கே பல்லாண்டுகள் உற்பத்தியில் இருந்தது. அதன் உயர்ந்த பானெட்டைக் கண்டாலே நம் பகுதியினர் அடையாளம் கண்டுகொள்வர். அந்த உயரத்துக்குக் காரணம் எஞ்சின்தான். 'ஹரிக்கேன்' எனப்படும் 134 கன அங்குல, அதாவது ஏறத்தாழ 2.2 லிட்டர் எஞ்சினில் உள்ளிழுக்கும் வால்வுகள் ஹெட்டிலும், புகை வெளியேற்றும் வால்வுகள் பிளாக்கிலும் அமைந்தன. அதனால் எஞ்சின் உயரமாயிற்று. அதற்கேற்ப பானெட்டும் உயர்ந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். வெளிநாட்டு நூல்களில் காணப்படும் வண்ணப் பட்டியல்கள் அமெரிக்காவின் டொலிடோ நகரத் தொழிற்சாலையையோ பிரிட்டனின் தொழிற்சாலைகளையோ பற்றியவை. மும்பையில் உருவான ஜீப்புக்கோ, வங்காளத்தின் உத்தர்பாராவில் உருவான அம்பாசடருக்கோ, சென்னையை அடுத்த வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கோ அப்பட்டியலை அப்படியே பொருத்திவிடலாகாது. இங்கு பெயிண்ட் வாங்கிய இடம் வேறு. பூசிய கை வேறு. ஆண்டுதோறும் நேர்ந்த மாறுதல்களும் வேறு. மின்கருவிகளேகூட அவ்வாறுதான். சென்னை பாடியில் லூக்காஸ்-டி.வி.எஸ். 1961-இல் தொடங்கப்பட்ட பின்னர், பல இந்திய வாகனங்களின் டைனமோவும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் அங்கிருந்தே வரலாயின. ஆகவே இந்திய வண்டிக்குரிய முதன்மை ஆவணம் அந்த எஞ்சினேதான். அதைப் படிக்கக் கற்றுக்கொள்வதே மீட்டெடுப்பின் முதல் வேலை.

படிப்பது எங்ஙனம்? முதலில், கழுவும் அவசரத்தைத் தடுக்க வேண்டும். காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்குவதும், கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பதும், மணல் வீச்சுக்குக் கொடுப்பதும் நேரத்தை மிச்சப்படுத்தும்; ஆனால் முதல் வண்ணத்தையும் துடைத்தெடுத்துவிடும். காஸ்டிக் சோடா அலுமினியப் பாகங்களை அரிக்கவும் செய்யும். மாறாக, மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷ்ஷும் கொண்டு பகுதி பகுதியாக அழுக்கை இளக்கி எடுக்கலாம். அரை நூற்றாண்டுக் காலம் எண்ணெயும் தூசும் சேர்ந்து இறுகிய கறுப்புப் படலத்தை நாம் அழுக்கு என்கிறோம். பெயிண்டைப் பொறுத்தவரை அதுவே பாதுகாப்புக் கவசம். அதற்கு அடியில் பூச்சு பெரும்பாலும் பிழைத்திருக்கும்.

எங்கே தேடுவது என்பதற்கும் ஒரு முறை உண்டு. பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தி மூடியிருந்த இடங்களே சிறந்தவை. எஞ்சினைத் தாங்கும் பிராக்கெட்டுகளின் பின்புறம், வாட்டர் பம்ப்பின் விளிம்பு, டைனமோ பிராக்கெட் அமர்ந்த தடம், ஸ்டார்ட்டர் மோட்டாரின் அடிப்பகுதி, பக்கவாட்டு டேப்பெட் கவரின் ஓரம், பிளாக்கும் கிளட்ச் வீடும் சேரும் இடுக்கு ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றும்போதே பார்த்துவிட வேண்டும். பின்னர் வெளிப்படையான ஓரிடத்தில், கட்டைவிரல் நகத்தின் அளவுக்கு, நுண்ணிய வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தால், மரத்தின் ஆண்டு வளையங்களைப் போன்று வண்ண வளையங்கள் தோன்றும். வெளியே அண்மைக் காலச் சில்வர்; உள்ளே எப்போதோ யாரோ அடித்த கறுப்பு; அதனுள் ஒரு பச்சையோ சாம்பலோ; நடுவே இரும்பு. இரும்பையோ பிரைமரையோ ஒட்டியிருக்கும் வளையமே முதல் வண்ணம். பழைய பெயிண்டுகளில் ஈயம் கலந்திருப்பது வழக்கமாதலால் உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது; முகக்கவசம் இன்றியும் இவ்வேலையைச் செய்யலாகாது.

கண்டெடுத்த நிறத்தை உடனே நம்பிவிடவும் முடியாது. எண்ணெய் சார்ந்த பெயிண்ட், வெளிச்சம் படாத இடத்தில் நாளடைவில் மஞ்சள் ஏறும். வெப்பம் அதைப் பழுப்பாக்கும். நீலச் சாயலுள்ள சாம்பல், பச்சைச் சாம்பலாகத் தோன்றுவது இதனால்தான். அந்தச் சிறு இடத்தை மெல்ல மெருகேற்றி, மேற்பரப்பின் மஞ்சளை நீக்கியபின், பகல் வெளிச்சத்தில் வண்ண அட்டையுடன் ஒப்பிட வேண்டும். பெயிண்ட் கடைகளில் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 'ஐ.எஸ். 5' அட்டையைக் கேட்டால், ஸ்மோக் கிரே, லைட் அட்மிரால்டி கிரே என்று பெயரும் எண்ணும் இட்ட நிறங்கள் கிடைக்கும். "கொஞ்சம் கறுப்பு கலந்த பச்சை" என்று வாய்மொழியாகச் சொல்வதைவிட, அட்டையில் உள்ள எண்ணைக் குறித்துக்கொடுப்பது எவ்வளவோ மேல். புகைப்படம் எடுக்கும்போது அருகில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுத்தால், பின்னர் நிறம் பற்றிய தகராறு எழாது.

நிறத்தைப் போலவே, எங்கெல்லாம் பெயிண்ட் இல்லை என்பதும் முக்கியம். அந்நாளையத் தொழிற்சாலைகள் பலவற்றில் எஞ்சினைப் பொருத்தி முடித்தபின் மொத்தமாக ஸ்பிரே செய்தனர். எனவே கேஸ்கெட்டின் ஓரத்திலும் போல்ட் தலைகளிலும் அதே நிறம் படிந்திருக்கும். பின்னர் பூட்டப்பட்ட பாகங்களில் படிந்திராது. இன்றைய மீட்டெடுப்பில் ஒவ்வொரு போல்ட்டையும் தனித்தனியே பளபளப்பாக்கிப் பூட்டுவது பார்வைக்கு அழகாயிருக்கலாம். அந்தத் தொழிற்சாலையில் அவ்வாறு நிகழ்ந்ததில்லை. அமெரிக்காவில் கார்வெட் கார்களுக்கென 1974-இல் தொடங்கப்பட்ட மீட்டெடுப்போர் சங்கத்தின் போட்டிகளில், தொழிற்சாலையில் இருந்ததைவிட நேர்த்தியாகச் செய்யப்பட்ட வேலைக்கும் மதிப்பெண் குறைக்கப்படுகிறது. முதலில் கேட்கும்போது இது விசித்திரமாகத் தோன்றும். கணக்குப் புத்தகத்தில் ஒரு ரூபாய் கூடுதலாக இருந்தாலும் அது பிழையே என்று பழகிய நமக்கு, இதில் வியப்பொன்றும் இல்லை.

புகைக்குழாய் மேனிஃபோல்டு தனிக் கவனத்துக்குரியது. பிளாக் ஓடும்போது 80 முதல் 100 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். மேனிஃபோல்டோ பல நூறு டிகிரியை எட்டும். சாதாரண எனாமல் அங்கே சில நாட்களில் கருகி உதிரும். இதை அறிந்தே பல தொழிற்சாலைகள் அதை வெறும் இரும்பாக விட்டன. லேசான துரு அதன் இயல்பு. காட்சிக்கு வைக்கும் வண்டியில் அது உறுத்தலாக இருந்தால், உயர்வெப்பம் தாங்கும் பூச்சினை இரும்பின் நிறத்திலேயே தேர்ந்தெடுக்கலாம்.

மூடாமல் விட வேண்டிய இடங்கள் இன்னும் இரண்டு உள்ளன. ஒன்று, எர்த் பட்டை அமரும் இடம். எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்திருப்பதால், சேசிஸுடன் அதற்குள்ள மின்தொடர்பு அந்தப் பட்டை வழியேதான். அங்கே பெயிண்ட் ஏறிவிட்டால் ஸ்டார்ட்டர் மோட்டார் முனகும். பழி பேட்டரியின் மேல் விழும். மற்றொன்று எஞ்சின் எண். ஜீப்பில் இது பிளாக்கின் முன்புறம், வாட்டர் பம்ப் அருகிலுள்ள மேடான பகுதியில் பதிக்கப்பட்டிருக்கும். வாகனக் கடன் பெற்றோருக்கு சேசிஸ் எண்ணின் மீது தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் அச்சு நன்கு பழக்கமானதே. அதேபோல் எஞ்சின் எண்ணையும் தெளிவாக எடுக்க இயலாதபடி தடித்த பெயிண்டோ, உப்புத்தாளின் தேய்ப்போ அமைந்துவிட்டால், அதனால் வரும் தொல்லை சிறியதாக இராது.

இனி பூசும் வேலை. இதில் மலைப்பகுதியினர் சமவெளிப் பட்டறைகளின் வழக்கத்தைப் பின்பற்ற முடியாது. கம்பத்திலோ தேனியிலோ பிற்பகலில் அடித்த பெயிண்ட் மாலைக்குள் இறுகிவிடும். வண்டிப்பெரியாரில் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் இரும்பே வியர்க்கும். குளிர்ந்த நீருள்ள டம்ளரின் வெளிப்புறத்தில் துளிகள் அரும்புவதைப் போல, கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் எஞ்சின்மீது படர்ந்திருக்கும். அதன்மேல் பூசியது பற்றாது. பூசப்படும் இரும்பின் வெப்பம், காற்றின் ஈரம் பனித்துளியாக மாறும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதும், காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்பதும் பூச்சுத் தொழிலின் பொது விதிகள். ஆகவே நம் பகுதியில் பிப்ரவரி, மார்ச் மாத நண்பகல்களே ஏற்றவை. சுத்தம் செய்த அன்றே பிரைமர் பூசிவிட வேண்டும். மறுநாள் என்று விட்டால் பிளாக் செம்மண் நிறத்துக்கு மாறியிருக்கும். பெயிண்ட் ஒரு லிட்டர்கூட வேண்டியிராது. மொத்தச் செலவில் மிகச் சிறியது அதுவே. பார்த்துப் படிக்கச் செலவிடும் நாட்களே அரியவை.

இவ்வளவு நுணுக்கம் எல்லா வண்டிக்கும் தேவையா என்று கேட்டால், தேவையில்லை என்பதே நம் கருத்து. நாள்தோறும் டிரிப் அடிக்கும் ஜீப்புக்கு எண்ணெய்க் கசிவு எளிதில் தெரியக்கூடிய வெளிர் நிறமே நல்லது. அதன் உரிமையாளர் சில்வர் அடித்தால் நாம் குறை சொல்ல மாட்டோம். மீட்டெடுக்க எடுத்துக்கொண்ட வண்டியின் நிலை வேறு. அதற்குச் சட்டத்தின் பார்வையும் சேர்ந்துகொள்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில், 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவுசெய்ய வழிவகுத்தது. பதிவு எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் இடம்பெறும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாயும் மறுபதிவுக்கு 5,000 ரூபாயும் கட்டணம். அன்றாடப் பயன்பாட்டுக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய கார் அணிவகுப்பு போன்றவற்றுக்கே சாலையில் இறக்கலாம். முக்கிய நிபந்தனை, வண்டி தன் மூல வடிவில் இருக்க வேண்டும் என்பது; சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் நிகழ்ந்திருக்கலாகாது. விதி, வண்ணம் பற்றிப் பேசவில்லை; எஞ்சினைப் பற்றிப் பேசுகிறது. எஞ்சின் அந்த வண்டிக்கே உரியது என்று காட்ட நேரும்போது, எண்ணும் முதல் வண்ணமும் சேர்ந்து சாட்சி சொல்கின்றன.

இந்த இடத்தில் நம் பகுதியினர் பலருக்கு ஒரு சிக்கல் உண்டு. பெட்ரோல் விலை ஏறிய காலங்களில் பழைய ஜீப்புகளின் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினைப் பொருத்திக்கொண்டார்கள். பிழைப்புக்காகச் செய்தது, குறை கூற ஒன்றுமில்லை. ஆனால் கழற்றப்பட்ட எஞ்சின் இன்னமும் கொட்டகை மூலையில் கிடக்குமானால், அதைக் கிலோ கணக்கில் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட வேண்டாம். ஒரு நாள் மூல வடிவத்துக்குத் திரும்ப நினைத்தால், அந்த வண்டிக்கு வேறு கதவு இல்லை.

காப்பீட்டிலும் இதே நிலைதான். ஐந்து ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கும் உற்பத்தி நின்றுபோன மாடல்களுக்கும் காப்பீட்டு மதிப்பு என்பது நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகையே. வெறும் வாய்ப்பேச்சுடன் செல்பவருக்கும், கழற்றிய நாள் முதல் தேதியிட்ட படங்கள், ரசீதுகள், வண்ண எண்கள் அடங்கிய கோப்புடன் செல்பவருக்கும் கிடைக்கும் மரியாதை வேறுவேறு. பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபீவாவின் டூரின் சாசனமும், செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவுசெய்ய வேண்டும், இருப்பதை இயன்றவரை காக்க வேண்டும் என்றே வலியுறுத்துகிறது.

கடன் பற்றியும் சொல்லியாக வேண்டும். வங்கிகளின் வாகனக் கடன் திட்டங்கள் பொதுவாக இத்தகைய முதிய வண்டிகளைக் கருதி வகுக்கப்பட்டவை அல்ல. தனிநபர் கடனோ நகைக் கடனோதான் வழி என்று வாடிக்கையாளர் வரும்போது, லாபம் கருதி இதில் இறங்க வேண்டாம் என்று நாம் தயக்கமின்றிச் சொல்கிறோம். பட்டறைக்கு மொத்தத் தொகையை முன்பணமாகக் கொடுப்பதையும் தவிர்க்கலாம். கழற்றிச் சுத்தம் செய்து பார்ப்பதற்கு மட்டும் முதல் தவணை. பார்த்ததன் அடிப்படையில் எழுத்து மூலமான மதிப்பீடு. அதன் பிறகே மற்றவை. எந்தப் பாகத்துக்கு எந்த நிறம், எதற்கு நிறமே வேண்டாம் என்பதை அந்த மதிப்பீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். நேரில் பார்த்துப் பழக விரும்புவோர், கோவை அவிநாசி சாலையிலுள்ள ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை சென்று வரலாம். 2015-இல் திறக்கப்பட்ட அங்கே, பல நாட்டு வண்டிகளை அருகருகே காணும் வாய்ப்பு உண்டு.

வண்ணம் பூசும் நாளில் பட்டறையில் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. எஞ்சின் பிராக்கெட்டின் பின்புறம் கண்டெடுத்த பழைய வண்ணத் திட்டினை மாஸ்கிங் டேப் ஒட்டி மூடச் சொல்லுங்கள். அதன்மேல் புதிய பெயிண்ட் படக் கூடாது. பூட்டியபின் அது யார் கண்ணிலும் படாது. அது இருக்கும் இடத்தை ஒரு தாளில் வரைந்து, எஞ்சின் எண்ணின் பென்சில் அச்சுடன் சேர்த்து, ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துவிடலாம்.